மீதி இரண்டு நிமிடம்

சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம்.
அதில் எங்கள் ஊர் ஓரிடத்திலும் இல்லை.
'பிராந்திய அலகுகள்' என்றொரு பன்மை இருந்தது,
அதற்குள் எங்கோ நாங்கள்,
வலையோடு வந்த காரப்பொடி மாதிரி
எண்ணிக்கைக்கு வராமல்.

ஒன்றாம் தேதி முதல்
காலை ஆறு நாற்பது கடல் நிலவரம்
சென்னையிலிருந்து அஞ்சல்.
தற்காலிக அறிவிப்பாளர்கள்
தேவைப்பட்டால் அழைக்கப்படுவார்கள்.

தற்காலிகமாகப் பதினான்கு வருஷம் இருந்தவள் நான்.
உச்சிப்புளியில் ஐந்து இருபது பஸ் பிடித்து
மண்டபத்தில் இறங்கி வாசித்தவள்.
ஒரு டூட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு.
கார்த்திகையின் மூன்று டூட்டி இன்னும் பாக்கி.

சென்னை சொல்வதில் பிழை கிடையாது.
'தென் தமிழகக் கடலோரம்,
மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர்.'
ஆனால் பாம்பன் பாலத்தில் நின்று
இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்
இங்கே கடல் இரண்டு.
ஆடியில் தென்கடல் எழுந்து அடிக்கும்போது
வடகடல் தட்டில் ஊற்றிய கஞ்சியாய்க் கிடக்கும்.
வாடை திரும்பினால் குணத்தை மாற்றிக்கொள்ளும்,
ஒரே வீட்டு மருமகள்கள்.
இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பூட்டினால்
ஒரு கரையில் அடுப்பு வீணாய் அணையும்,
மறுகரையில் வள்ளம் வீணாய்ப் போகும்.

தணிக்கைக்கு வந்தவர் நல்ல மனிதர்.
"எத்தனை பேர் கேட்கிறார்கள், ஆதாரம் உண்டா?"
சின்னப்பாலத்துச் சேதுராக்கு கேட்கிறாள் என்றேன்,
பாசிக்கு இறங்குமுன், முந்தானையை இறுக்கிக்கொண்டே.
இன்னாசி கேட்கிறார்,
கைபேசி 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்னும் இடத்தில்.
அவருடைய படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.
'தரவு இல்லை' என்று நிரப்பினார்.
அழகான கையெழுத்து.

அக்கரைப் பண்பலைக்கு இந்தப் படிவம் தெரியாது.
எங்கள் டீக்கடைகளில் அது பாட்டுக்கு
தேங்காயெண்ணெய் விற்கிறது,
யாழ்ப்பாணத்து மழையை முன்கூட்டிச் சொல்கிறது.
அதிலிருந்து கூட்டிக் கழித்து
நம் மழையை நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசி நாளில் விடைபெறவில்லை.
விடைபெற நேரம் ஒதுக்கப்படவில்லை.
'தென்கடலில் கச்சான். பாசிக்குப் போகிறவர்கள்
பத்து மணிக்குள் கரையேறிவிடுங்கள்.
வடகடலில் தடையில்லை.'
மைக்கை அணைத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வில்லாயுதம் கையைத் தூக்கினார்,
எப்போதும் தூக்குவதுதான்.

சென்னையின் நிலவரம் ஆறு நிமிடம்.
எங்களுடையது எட்டாக இருந்தது.
மீதி இரண்டுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.
அப்படியான இடத்தில் புல்லாங்குழல் போடுவது மரபு.
வில்லாயுதம் போடவில்லை.
என் மைக்கை வயரோடு இழுத்துக்கொண்டு போய்
தெற்கு ஜன்னலில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆறு நாற்பத்தாறு.
பழக்கத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன்.
இறால் கம்பெனிக்குப் போகும் ஒருத்தியின் கைபேசியில்
சரசரவென்று பனையோலை,
அதற்கு அடியில்
சளி கட்டிய நெஞ்சைப்போல் ஒரு உறுமல்.
அவள் போனைத் தட்டிப் பார்த்தாள்.
எனக்குக் கால் நகரவில்லை.

ஏழு மணிக்குள் இன்னாசி கூப்பிட்டார்.
"அது கச்சான்தானே? தெக்க போக வேண்டாம், அப்படித்தானே?"
இப்போது நான் அறிவிப்பாளர் இல்லை.
ஆமாம் என்றேன்.

மூன்றாம் வாரம் வில்லாயுதத்துக்கு மெமோ.
'ஒலிபரப்பில் தேவையற்ற இரைச்சல்,
நாள்தோறும் இரண்டு நிமிடம். விளக்கம் தருக.'
என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்.
அவருக்குத் தமிழ் வரும், அலுவலகத் தமிழ் வராது.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.
'பார்வையில் காணும் தங்கள் குறிப்பாணை'
என்பது வரை வந்திருக்கிறது.
அதன்பின்
கடல் இரண்டு என்று தொடங்குவதா,
கார்த்திகைப் பாக்கியில் தொடங்குவதா
என்றுதான் தெரியவில்லை.